மூன்றாவது வரி

ஊரில் யாரிடம் கேட்டாலும் அவருடைய முகம் உடனே நினைவுக்கு வராது. குரலைச் சொன்னால் வரும். குழாயில் தண்ணீர் வராத நாள், காணாமல் போன குழந்தை, புதிதாகத் திறக்கும் துணிக்கடை, எதுவானாலும் ஆட்டோவின் கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் அவர்தான் பேசுவார். அதனால் மைக்காரர் என்று பெயர் விழுந்து, சொந்தப் பெயர் எங்கோ போய்விட்டது.

தேர்தல் வந்துவிட்டால் மற்ற அறிவிப்புகளை மூட்டை கட்டி வைத்துவிடுவார். கட்சிக்கு மட்டும்தான் பேசுவார். அதற்குக் காசு வாங்க மாட்டார்.

"கூலி வாங்கிட்டா அது வேலை. வாங்கலன்னா அது கட்சி" என்பார்.

"அரிசிக்கடைல போய் இதையே சொல்லிட்டு ஒரு மூட்டை தூக்கிட்டு வாங்களேன், பாப்போம்" என்பாள் மனைவி.

மீசை முளைக்காத வயதில் வந்த கட்சி அது. ஒரு கூட்டத்துக்குப் பேச்சாளர் வரத் தாமதமாகி, ஜனங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தபோது, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த இவரை மேடையில் ஏற்றி, எதையாவது பேசுடா என்று தள்ளிவிட்டார்கள். பேசினார். எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அந்த ஒரு நாளின் போதை இத்தனை வருஷமாகியும் இறங்கவில்லை. கட்சி தோற்ற வருஷம் இவர் வீட்டு ஓட்டின்மேல் கல் வந்து விழுந்தது. ஜெயித்த வருஷங்களில் ஒன்றும் வந்து விழவில்லை, மாலைகூட.

அவர் தாளைப் பார்த்துப் படிப்பவர் அல்ல. வரிகளை அவரே கட்டுவார். ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் மாட்டும்படி கட்டுவார். முதல் வரியை எடுத்துவிட்டால் போதும், மிச்சம் தானாக வந்துகொண்டே இருக்கும். இந்தத் தேர்தலுக்கு அவர் கட்டியது இதுதான்: 'பாலம் தந்தார், பள்ளி தந்தார், பச்சிளம் பிள்ளைக்கும் பெற்ற தாய்க்கும் பகலும் இரவும் வைத்தியம் தந்தார்!' தொகுதியில் மறுபடி நிற்கும் தலைவருக்கே பிடித்துப் போய், போஸ்டரிலும் போட்டார்கள்.

மூன்றாவது வரியில்தான் வீட்டுக்குள் தகராறு வந்தது. மனைவி கடைவீதி ஆஸ்பத்திரியில் ஆயா. பிரசவ அறையைத் திறந்து வைத்தது அங்கேதான்.

அன்று காலை அவர் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அவள் வேலைக்குக் கிளம்பத் தலையை வாரிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அந்த மூணாவத இன்னைக்கும் சொல்லப் போறீங்களா?"

அவர் வாயில் தண்ணீரோடு தலையை ஆட்டினார்.

"டாக்டரம்மா மாத்தலாகிப் போய் எத்தனை மாசமாச்சு? ரூம் பூட்டிக் கிடக்கு. கட்டில்ல சுத்தி வந்த பிளாஸ்டிக்கக்கூட யாரும் பிரிக்கல. வாரா வாரம் நான் அந்தப் பூட்டத் துடைச்சிட்டு வரேன்."

அவர் துப்பிவிட்டுச் சொன்னார். "பாலம் நிஜம். பள்ளிக்கூடம் நிஜம். அதுக்கு முன்னாடி இருந்தவன் ஒரு மதகாவது கட்டினானா? செஞ்சதப் பாரு. ஒண்ணு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன குடி முழுகிடும்?"

"பாலத்துல பொய் சொன்னா சுத்திப் போவாங்க. இதுல சொன்னா எங்க சுத்துவாங்க?" சீப்பைச் செருகிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "போன வாரம் ஒருத்தி வலியோட வந்து கேட்டுல நின்னா. இங்க டாக்டர் இருக்காங்கன்னு மைக்ல சொன்னாங்களேக்கான்னு என் கையப் புடிச்சா. சொன்னது என் வீட்டுக்காரர்தாம்மான்னு எந்த வாயால சொல்றது?"

"அப்புறம்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். போற வழியில வேன்லயே பொறந்துச்சு. ரெண்டு உயிரும் தப்பிச்சுது. எல்லாருக்கும் அப்படியே அமையுமா?"

இதை அவள் ஒரு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்தாள் என்பதே அவருக்கு உறைத்தது.

"சரி. சொல்லல."

"சத்தியமா?"

"இப்பதான் வாய் கொப்பளிச்சேன். சுத்தமான வாய்தான், நம்பு."

ஆட்டோ ஓட்டுவது மனைவியின் தம்பி. அவனுக்குக் கட்சி கிடையாது. யாராவது கேட்டால், "என் கட்சி பிரேக்குதான். அதுவும் அப்பப்ப காலை வாரிடும்" என்பான். பின்சீட்டில் துண்டறிக்கைக் கட்டோடு வட்டச் செயலாளர் ஏறிக்கொண்டார். வட்டம் என்று கூப்பிடுவார்கள், ஆளும் அதற்கேற்றபடி இருப்பார். வயதில் சின்னவர். மைக்காரரிடம் அரசியல் படித்தவர்.

முதல் இரண்டு தெருவில் தவறு நடக்கவில்லை. பள்ளி என்றதும் மூச்சைப் பிடித்து நிறுத்தி, சின்னத்துக்குத் தாவினார். தாவும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தொண்டை முரண்டு பிடித்தது. மூன்றாவது தெருவில் ஒரு நாய் குறுக்கே ஓட, மச்சான் பிரேக் அடிக்க, மைக்காரரின் கவனம் நாயின்மேல் போனது. வாய் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. 'பகலும் இரவும் வைத்தியம் தந்தார்' என்று ஒலிபெருக்கியில் தன் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

ஒரு வீட்டு வாசலிலிருந்து ஓர் இளைஞன் ஓடிவந்தான். கையிலும் முகத்திலும் வெள்ளைப் பெயின்ட் தெறித்திருந்தது. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நல்ல நேரத்துல சொன்னீங்க! வீட்ல இவளுக்கு நாள் நெருங்கிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரின்னா வண்டி மாறி மாறிப் போகணுமேன்னு ராத்திரியெல்லாம் அதே பேச்சுதான். கடைவீதிலயே டாக்டர் இருக்காங்கன்னா நடந்தே போயிடலாம்."

அவனுக்குப் பின்னால் நிலைப்படியைப் பிடித்தபடி அவன் மனைவி நின்றாள். சின்ன உடம்பு, பெரிய வயிறு. மைக்காரரைப் பார்த்துச் சிரித்தாள்.

"தைரியமா போங்க தம்பி. நம்ம தலைவர் கொண்டுவந்தது" என்றார் வட்டம், ஒரு துண்டறிக்கையை நீட்டி.

மைக்காரர் வாயைத் திறந்தார். முதுகுக்குப் பின்னால் வட்டம். தெருவில் பத்துப் பேர் நின்று பார்க்கிறார்கள். தலையை ஒரு மாதிரி அசைத்தார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பெயின்டர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

ஆட்டோ நகர்ந்தது. அடுத்த தெருவில் அவர் பாலத்தோடு நிறுத்தினார்.

"என்னண்ணே, மறுபடியும் விட்டுட்டீங்க, தாயும் பிள்ளையும் எங்க போனாங்க?" என்றார் வட்டம் பின்னாலிருந்து.

மைக்கின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "அங்க டாக்டர் இல்ல, தம்பி."

"தெரியுமே."

"தெரிஞ்சுதான் அந்தப் பையன்கிட்ட போகச் சொன்னியா?"

"அண்ணே, இது யாருக்குத் தெரியாது? தேர்தல் முடியட்டும், நாமளே போய் உக்காந்து டாக்டர வாங்கிடலாம். இப்ப நீங்க அந்த வரிய விட்டீங்கன்னா, பாத்தியா அவங்களே விழுங்கிட்டாங்கன்னு எதிராளி ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பான். வீட்டுச் சண்டைய வாசல்ல போடக்கூடாதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இப்போது அதை வேறொருவர் வாயில் கேட்கும்போது பல்லில் மண் அரைபட்ட மாதிரி இருந்தது.

"மாப்ளே, வண்டியத் திருப்பு. அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடலாம்."

"தலைவர் கிளம்பிட்டார்ணே" என்றார் வட்டம். "நாலு ரோட்ல கூட்டம் நிக்குது. உங்க குரல் இல்லன்னா கலைஞ்சு போயிடும். நாள் நெருங்கிடுச்சுன்னுதானே சொன்னான்? இன்னைக்கேவா பெத்துக்கப் போறா? கூட்டம் முடிஞ்சதும் நானே கூட வரேன்."

மச்சான் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "மாமா?"

"நாலு ரோட்டுக்கே போ" என்றார்.

நாலு ரோட்டில் கயிறு கட்டியிருந்தார்கள். கொடியும் வெயிலும் வியர்வையுமாக ஜனம். ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, அவர் படியில் ஏறி நின்று பேச ஆரம்பித்தார். தலைவர் இதோ வந்துவிட்டார், இதோ பாலத்தில் ஏறிவிட்டார் என்று ஒரு மணி நேரமாக அதே பாலத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்தது, ஆனால் கலையவில்லை. அவருக்குக் கைவந்த வேலை. மனது மட்டும் ஒரு நிலையில் இல்லை. கண் அடிக்கடி கடைவீதிக்குத் திரும்பும் முனைக்குப் போய் வந்தது.

அங்கேதான் பார்த்தார். கூட்டத்துக்கு அந்தப் பக்கம், மூடிய கடைகளின் ஓரமாக, வெள்ளைப் புள்ளிச் சட்டையோடு பெயின்டர். தோளில் ஒரு துணிப்பை. இன்னொரு கையில் மனைவியைத் தாங்கியிருந்தான். அவள் நான்கடி நடந்தாள், ஒரு கடையின் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், மறுபடி நடந்தாள். கடைவீதியை நோக்கித்தான் போனார்கள்.

நடுவில் இத்தனை தலைகள். ஆளை அனுப்பினால் நீந்தித்தான் போக வேண்டும். அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்று, அங்கிருந்து திரும்பி, இந்தக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதற்குள் என்னவும் ஆகலாம்.

அவர் பேச்சை நிறுத்தினார்.

"கரண்ட் போச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பெயின்டர் தம்பி" என்றார் மைக்கில். கட்சிக் குரல் வரவில்லை. காணாமல் போன குழந்தைக்கு அறிவிக்கிற குரல் வந்தது. "கடைவீதிப் பக்கம் போற பெயின்டர் தம்பி, நில்லுங்க. அங்க போகாதீங்க."

தலைகள் திரும்பின. அவன் நின்றான், ஆனால் தன்னைத்தானா என்று விழித்தான். அவள் அவன் கையை முன்னால் இழுத்தாள்.

"அங்க டாக்டர் இல்ல, தம்பி. பிரசவ ரூம் பூட்டியிருக்கு. பல மாசமாப் பூட்டியிருக்கு. காலைல உங்க தெருவுல நான் சொன்னது பொய். திரும்பி வாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

வட்டம் பாய்ந்து ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். அதற்குமுன் மச்சான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். "சூடா இருக்குங்க, கை வைக்காதீங்க" என்றான்.

"அண்ணே! என்ன காரியம் பண்றீங்க!" வட்டத்தின் குரல் மைக்கில் விழுந்து ஊருக்கே கேட்டது.

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். "என்ன மைக்கு, அந்தப் பக்கம் சீட்டு கொடுத்துட்டாங்களா?" இன்னொருவன் விசிலடித்தான். எங்கிருந்தோ ஒரு செருப்பு பறந்து வந்து ஆட்டோவின் கூரையில் விழுந்தது. ஆனால் முன்வரிசையில் கொடியோடு நின்ற மகளிர் அணிப் பெண் ஒருத்தி கடைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். "அய்யோ, அவளுக்கு வலி வந்துடுச்சுடி!" என்று கொடியைப் பக்கத்திலிருந்தவளிடம் திணித்துவிட்டுக் கயிற்றைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் நாலு பெண்கள். ஆண்களை முழங்கையால் இடித்து வழி பண்ணினார்கள். கட்சிப் புடவைகளுக்கு நடுவே அந்தச் சின்னப் பெண்ணைத் தாங்கிக் கொண்டுவந்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

பெயின்டர் ஏறும்போது மைக்காரரின் முகத்தைப் பார்த்தான். காலையில் இருந்த பார்வை இல்லை. "நீங்க தலைய ஆட்டினீங்களேண்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அவர் மைக்கை எடுத்து, "வழி விடுங்க, பிரசவ கேஸ், வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். பாலத்தில் எதிரே தலைவரின் கார் வரிசையாக வந்தது. கொடி கட்டிய ஆட்டோவைக் கண்டதும் தலைவர் கண்ணாடியை இறக்கி, சிரித்த முகமாகக் கும்பிட்டார். ஆட்டோவுக்குள்ளே அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு மைக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். பட்டன் தெறித்தது.

"பாலம் மட்டும் நல்லாத்தான் இருக்கு, மாமா. குலுங்கவே இல்ல" என்றான் மச்சான்.

"வாய மூடிட்டு ஓட்டு."

மறுநாள் காலை பெண் குழந்தை பிறந்தது. ஒரு சிக்கலும் இல்லை. அந்தச் செய்தியை அவருக்கு முதலில் சொன்னது வட்டம்தான், போனில். "சுகப்பிரசவமாமே அண்ணே. கடைவீதியிலயே உங்க வீட்டு அக்காவே பாத்திருப்பாங்க போல. இதுக்கா இவ்வளவு ஆட்டம்? தலைவர் உங்கள வரச் சொல்றார்."

கட்சி அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே தலைவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. இவரை உட்காரச் சொன்னார். அதுவே புதுசு.

"எத்தனை தேர்தல்யா நீ எனக்குப் பேசியிருக்க? எதிராளி கையில நீயே கத்தியக் கொடுத்திட்டியே."

"டாக்டர் இல்லையே, தலைவரே."

"கேட்டேன்யா. மேல இருக்கிறவன் தரல. நான் என்ன, டாக்டரா? நானே போய்ப் பிரசவம் பாக்கவா?"

"கேட்டேன், தரலன்னு சொல்லியிருந்தா நான் அதையே நல்லாக் கட்டிக் கொடுத்திருப்பேன். ஜனங்க உங்கள விட்டுப் போயிருக்க மாட்டாங்க."

தலைவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் என்று மைக்காரருக்கு அப்போதும் தோன்றவில்லை. களைத்திருந்தார், பயந்திருந்தார், ஜெயிக்க ஆசைப்பட்டார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு எல்லாத் தெருவுலயும் ஒரு சுத்து போ. தப்பான தகவல் வந்துச்சு, அவசரத்துல பேசிட்டேன், ஆஸ்பத்திரில எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிடு. உன் வாயால வந்தது, உன் வாயாலதான் போகணும்."

"பாலத்தச் சொல்றேன். பள்ளிக்கூடத்தச் சொல்றேன். தெருத் தெருவா, தொண்டை கிழியச் சொல்றேன். அது ரெண்டும் நீங்க செஞ்சது. இத என்னால சொல்ல முடியாது."

"மூணும் சேர்ந்தாதான்யா பாட்டு."

"அப்ப நான் இல்லாமப் பாடிக்குங்க, தலைவரே."

வெளியே வரும்போது வட்டம் பக்கத்தில் வந்தார். "கட்சிய விட்டுட்டுப் போறீங்களாண்ணே?" கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. மைக்காரர் அவர் தோளைத் தட்டினார். "எங்கடா போவேன்? எனக்கு வேற எந்தக் கூட்டத்துல உக்காரத் தெரியும்?"

அன்று மாலை கணவனும் மனைவியும் சமையலறையில் இருந்தார்கள். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கிச் சத்தம் தெருமுனையில் கேட்டது. அவர் நிமிர்ந்தார். அது அவருடைய குரல்.

'பாலம் தந்தார், பள்ளி தந்தார்...'

அவள் கத்தியை வைத்துவிட்டு அவர் வாயைப் பார்த்தாள். அது மூடித்தான் இருந்தது. பிரசாரத்தின் முதல் வாரத்தில், தொண்டை கட்டிக்கொண்டால் இருக்கட்டும் என்று வட்டம் செல்போனில் பிடித்து வைத்துக்கொண்ட குரல் அது. வேறொரு வண்டியில் வைத்து ஓடவிட்டிருந்தார்கள். நல்ல தெளிவான பதிவு. ஒரு பிசிறு இல்லை. 'பச்சிளம் பிள்ளைக்கும் பெற்ற தாய்க்கும் பகலும் இரவும்' என்று அவர் வீட்டு ஜன்னலைக் கடந்து போனது. அடுத்த தெருவுக்குள் திரும்பியது.

"நேத்து நாலு ரோட்ல கேட்டவங்களுக்குத் தெரியும். கேக்காதவங்க?" என்றாள் மனைவி. "இது உங்க குரல். நீங்க மனசு மாத்திக்கிட்டீங்கன்னுதான் நெனைப்பாங்க."

அவர் சட்டையை மாட்டினார். தெருவுக்கு ஓடி வண்டியை மறிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தார். இன்று மறித்தால் நாளை இரண்டு வண்டி வரும்.

"உன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ்கிட்ட மாசாமாசம் பரிசோதனைக்கு வர்றவங்க எல்லாரையும் உனக்குத் தெரியும்ல? யார் யாருக்கு வீடு எங்கன்னு தெரியுமா?"

"தெரியாம?" அவள் கையைக் கழுவினாள். "இருங்க, நானும் வரேன். நீங்க தனியாப் போய்க் கதவத் தட்டினா, ஓட்டுக் கேக்க வந்திருக்கீங்கன்னு திறக்காமலே அனுப்பிடுவாங்க."

முதல் வீடு இஸ்திரிக் கடைக்காரருடையது. கதவைத் திறந்தவர் மருமகளைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, வயிற்றைச் சாய்த்துக்கொண்டு வந்து நின்றாள். பின்தெருவில் ஒலிபெருக்கி இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க நீங்கதானே பேசறீங்க? இங்க எப்படி நிக்கறீங்க?"

"அது போன வாரத்து நான்" என்றார் மைக்காரர். "அதக் கேக்காதீங்க. கடைவீதி ஆஸ்பத்திரில டாக்டர் இல்லம்மா. வலி வந்தா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. வண்டி இல்லன்னா என் மச்சானக் கூப்பிடுங்க."

மைக் இல்லாமல் அவர் குரல் அத்தனை சின்னதாக இருந்தது. அவள் ஒரு அடி கிட்டே வந்துதான் கேட்டுக்கொண்டாள்.

இஸ்திரிக்காரர் தாடையைச் சொறிந்தார். அவரும் கட்சிக்காரர்தான். வாசலுக்கு மேலே கொடி கட்டியிருந்தது.

"அப்ப ஓட்டு யாருக்குப் போடச் சொல்றீங்க?"

"நான் இன்னும் முடிவு பண்ணல. உங்க ஓட்டு உங்க இஷ்டம்" என்றார் அவர். "பெரிய ஆஸ்பத்திரி. மறந்துடாதீங்க."

மனைவி அதற்குள் படி இறங்கி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.